குச்சியில் வந்த கணக்கு நோட்டில் ஏன் வரவில்லை? புதிதாகப் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினால் 52 − 37 = 25 என்ற விடை எங்காவது கண்ணில் படும். இதைக் கவனக்குறைவு என்று நினைத்துச் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்விடாதீர்கள். 5-இல் 3 போனால் 2, 7-இல் 2 போனால் 5. "பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும்" என்று நாம் சொன்னதைப் பிள்ளை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. அதற்கு 52 என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு இலக்கங்கள், அவ்வளவுதான். அந்த 5-க்குள் ஐம்பது இருக்கிறது என்பது இன்னும் அதற்குப் பிடிபடவில்லை.

இலக்கம் ஓர் அருவமான குறி. தொட முடியாது, எண்ண முடியாது. குறிக்குப் பின்னால் இருக்கும் அளவைப் பிள்ளை முதலில் கையால் உணர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் குச்சியும் புளியங்கொட்டையும் கொடுத்துவிட்டால் புரிந்துவிடும் என்று நம்புவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம். பொருள் தானாக எதையும் சொல்லித்தராது. குச்சி நகரும் அதே நொடியில் நோட்டில் என்ன மாறுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைக்கும் வேலை ஆசிரியருடையது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

வயதா, பாடமா?

பிள்ளைகள் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர்களான பியாஜேயும் புரூனரும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் பழகிய பெயர்கள். ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரை பிள்ளைகள் கண்ணெதிரே இருப்பதைக் கொண்டு சிந்திக்கிறார்கள், அருவமான கருத்துகளை வைத்துச் சிந்திப்பது அதன் பிறகே வருகிறது என்பது பியாஜேயின் வரிசை. செய்து அறிவது, படமாக அறிவது, குறியீடாக அறிவது என்று மூன்று வழிகளை 1960-களில் முன்வைத்தவர் புரூனர். வகுப்பறைக்கு அதிகம் கைகொடுப்பது புரூனர் சொன்னதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் குறை எண்கள் (−2, −5 போன்றவை) முதன்முதலாக வரும்போது கையால் தொட்டு, படம் போட்டு, பிறகுதான் குறிக்கு வருகிறது. ஆகவே "இவனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, இன்னும் குச்சியா?" என்று கேட்காதீர்கள். இந்தப் பாடம் அவனுக்குப் புதிதா என்று கேளுங்கள். சிங்கப்பூரின் தொடக்கப் பள்ளிக் கணிதம் 1980-களிலிருந்து பொருள், படம், குறி என்ற இந்த வரிசையைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பொருளோடு வரும் அறிவும் குறியோடு வரும் அறிவும் ஒட்டாமல் தனித்தனியே வளரக்கூடும். இதைக் கண்முன் நிறுத்திய ஆய்வு 1985-இல் வெளியானது. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். விடைகளில் 98 சதவீதம் சரி. அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியான விடை 37 சதவீதத்துக்கு இறங்கியது. 35 குருசேரோ (அப்போதைய பிரேசில் பணம்) விலையில் நான்கு தேங்காய் என்றதும் ஒரு பையன் மூன்றுக்கு 105, அதோடு 30, பிறகு 5, ஆக 140 என்று வாயாலேயே சொல்லிவிட்டான். 35 × 4 என்று தாளில் கேட்டதும் 200 என்று எழுதினான். நாலஞ்சு இருபது, மீதி 2, அந்த 2-ஐ 3-உடன் கூட்டினால் 5, நாலஞ்சு இருபது. நான்கு தேங்காய்க்கு 200 என்று ஒருவர் அவனிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். தாளில் இருந்த 3-ஐ அவன் முப்பதாகப் பார்க்கவில்லை.

கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2025-இல் வெளியானது. அதிலும் சந்தைக் கணக்கு பள்ளிக் கணக்குக்கு உதவவில்லை. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். வீட்டில் கடை வைத்திருக்கும் பிள்ளைக்குக் கணக்குத் தானாக வந்துவிடும் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

என்ன வாங்க வேண்டும், என்ன வாங்கக் கூடாது

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி. அதில் ஏறத்தாழ 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய ஈர்க்குச்சி 110, ரப்பர் பேண்ட் 12, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் "பத்துகள்", வலப்பக்கம் "ஒன்றுகள்" என்று எழுதிய விரிப்பு ஒன்று. வேறெதுவும் வேண்டாம். குச்சிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

பத்துக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு என்று வாங்கினால் பிள்ளை நிறத்தைப் படிக்கும், அளவைப் படிக்காது. வாத்து, யானை வடிவ பொம்மைகளும் அப்படித்தான். பொம்மை சுவையாக இருக்க இருக்க, அது ஓர் எண்ணைக் குறிக்கிறது என்பது பின்னுக்குப் போய்விடும். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அசல் போலவே இருக்கும் பண நோட்டும் நாணயமும் வைத்துக் கணக்குப் போட்ட பிள்ளைகள், அவை இல்லாமல் போட்டவர்களைவிட அதிகம் தவறு செய்தார்கள்.

எதை முதலில் கொடுப்பது என்பதிலும் ஒழுங்கு உண்டு. பலரும் மணிச்சட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். மணிச்சட்டத்தில் பத்துகளின் கம்பியில் இருப்பது ஒரே ஒரு மணி. அதற்குள் பத்து மணி இல்லை, இருப்பதாக நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பத்து ரூபாய் நாணயமும் அப்படியே. இவை பாதி அருவமாகிவிட்ட பொருள்கள். ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டில் பத்துக் குச்சியும் கண்ணுக்குத் தெரியும், அவிழ்த்தால் வெளியே வரும். ஆகவே முதலில் குச்சிக் கட்டு, பிறகு அவிழ்க்க முடியாத ஆனால் பத்துக் கட்டம் தெரியும் அட்டைப்பட்டை, பிறகு நாணயமும் மணிச்சட்டமும், கடைசியில் இலக்கம். மணிச்சட்டத்தில் திக்குமுக்காடும் பிள்ளை குச்சியில் சரளமாகப் போட்டால் அதற்குக் கணக்குத் தெரியாது என்று பொருள் இல்லை. ஒரு படியைத் தாண்டவிட்டு அழைத்து வந்திருக்கிறீர்கள்.

கழித்தல்: படிப்படியாக

முதலில் கட்டுவது. 43 குச்சியைக் கொடுத்து, பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று எண்ணினால் மேலே போகலாம். கட்டைப் பிரித்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் இரண்டு மூன்று நாள் கட்டும் வேலையே நடக்கட்டும்.

இதோடு இன்னொரு சோதனை. 16 குச்சியை வைத்து, தாளில் 16 என்று எழுதி, 6-ஐ வட்டமிட்டு "இதற்கு எவ்வளவு குச்சி, காட்டு" என்று சொல்லுங்கள். ஆறு குச்சியை எடுத்துக் காட்டும். அடுத்து 1-ஐ வட்டமிட்டுக் கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரே ஒரு குச்சியை எடுத்து நீட்டும். மீதி ஒன்பது குச்சி விரிப்பில் சும்மா கிடப்பது அவர்களை உறுத்தாது. ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, பத்துக் கணக்குக் கொடுத்துத் திருத்துவதைவிடத் தெளிவாக நிலைமையைச் சொல்லிவிடும். "நூற்று ஐந்து" என்றதும் 1005 என்று எழுதும் பிள்ளைக்கும் சிக்கல் இதே இடத்தில்தான்.

அடுத்து அவிழ்க்கத் தேவையில்லாத கழித்தல். 58 − 23, 47 − 15 போன்றவை. இரண்டு நாள் போதும். நீட்டினால் ஆபத்து: இடவரிசையைத் தனித்தனியே கழித்தால் விடை வந்துவிடும் என்ற பழக்கம் ஊறிவிடும். 25 என்ற அந்த விடைக்கு விதை இங்கேதான் விழுகிறது.

இப்போது 52 − 37. ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "ஏழு குச்சி எடு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். உதிரி இரண்டுதான் இருக்கிறது, பிள்ளை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். அவசரப்பட்டு வழி சொல்லிவிடாதீர்கள். கேட்டால், "குச்சி வேறெங்கும் இல்லையா?" என்பது மட்டும் போதும். யாராவது ஒரு பிள்ளை ரப்பர் பேண்டை உருவும். ஒரு கட்டு அவிழ்ந்து உதிரியோடு சேர்கிறது. இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி.

இங்கே நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி: "இப்போது மொத்தம் எத்தனை குச்சி இருக்கிறது?" பெரும்பாலான வகுப்புகளில் விட்டுப்போகும் கேள்வி இது. 52-தான், ஒரு குச்சியும் கூடவில்லை, குறையவில்லை என்று பிள்ளையே சொல்ல வேண்டும். சிலர் 42 என்பார்கள், சிலர் 62 என்பார்கள். எண்ணிப் பார்க்கட்டும். இது உறுதியாகாமல் மேலே போனால், 5-ஐ அடித்து 4 போடுவதும் 2-க்கு முன்னால் 1 போடுவதும் மந்திரமாக மட்டுமே நிற்கும். பிறகு பன்னிரண்டில் ஏழை எடுத்தால் ஐந்து, நான்கு கட்டில் மூன்றை எடுத்தால் ஒன்று. மிச்சம் 15.

அடுத்ததுதான் உயிர்நாடியான படி. இரண்டு பேரில் ஒருவர் குச்சியை நகர்த்தட்டும், மற்றவர் எழுதட்டும். கட்டு அவிழும்போதே நோட்டில் 5 அடிபட்டு 4 ஆக வேண்டும். உதிரி பன்னிரண்டானதுமே 2-க்கு மேல் 12 வர வேண்டும். குச்சியில் முழுக்கப் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் விடையை மட்டும் நோட்டில் எழுத விட்டால், குச்சி ஒரு விடை சொல்லும் இயந்திரம் ஆகிவிடும், எழுத்து முறைக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. ஒவ்வொரு கணக்குக்கும் ஆளை மாற்றுங்கள். பேச்சிலும் கவனம் வேண்டும். "5 போய் 4" என்பதற்குப் பதில் "ஐந்து பத்தில் ஒரு பத்தை அவிழ்த்தோம், நான்கு பத்து இருக்கிறது" என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் இப்படி வாயால் சொல்லாமல் எழுதக் கூடாது.

பிறகு படம். ஒரு கட்டுக்கு ஒரு செங்குத்துக் கோடு, உதிரிக்குப் புள்ளி. ஐந்து கோடு, இரண்டு புள்ளி. ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி போட வேண்டும். சில பிள்ளைகள் ரப்பர் பேண்டையும் சேர்த்து அழகாக வரையத் தொடங்குவார்கள். அதை மென்மையாக நிறுத்துங்கள். தேவையில்லாததை உதறிவிட்டு அளவை மட்டும் வைத்துக்கொள்வதுதான் அருவமாகச் சிந்திப்பதன் முதல் பயிற்சி, வெறும் கோடு அதைத்தான் செய்கிறது.

படத்துக்கும் வெறும் எண்ணுக்கும் நடுவே ஒரு படி உண்டு. குச்சியை மூடிய பெட்டியில் வைத்துவிட்டு, "உள்ளே ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க வேண்டும். என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பிள்ளை மனத்தில் அவிழ்த்துச் சொன்ன பிறகு பெட்டியைத் திறந்து சரிபார்க்கலாம். மூன்று நான்கு கணக்குகள் திறக்காமலே சரியாக வந்தால், அந்தப் பிள்ளைக்குக் குச்சி தேவையில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு இன்னும் தேவைப்படலாம், அவரிடமிருந்து எடுக்காதீர்கள். விரல் விட்டு எண்ணுவதையும் தடை செய்ய வேண்டாம். தடுத்தால் மேசைக்கு அடியில் எண்ணுவார்கள், அவ்வளவுதான்.

நாளுக்கு 20 நிமிடம் வைத்தால் இந்த வரிசை முழுவதற்கும் மூன்று வாரம் ஆகும். பாடப்பகுதி முடியவில்லையே என்ற கவலை வரும். இங்கே செலவாகும் நாள்கள் நான்காம் வகுப்பில் திரும்பி வந்துவிடும்.

நான்காம் வகுப்பில் குச்சியை ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டிய இடம் 302 − 147. பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு, அப்படி மூன்று. பத்துகளின் இடம் காலி. இதற்கு 300-க்கு மேல் குச்சி வேண்டும் என்பதால் ஆறு பேருக்கு ஒரு குவியலாக மூன்று பெட்டிகளைச் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் வழக்கமாக எழுதும் தவறான விடை 145. நூறிலிருந்து நேராக ஒன்றுகளுக்கு 10 கொண்டுவந்து 12-இல் 7 போக 5 என்று எழுதுவார்கள். பத்துகளின் இடத்தில் 0-இல் 4 போகாது என்பதால் 4 என்றே போட்டுவிடுவார்கள். நோட்டில் இதை எவ்வளவு விளக்கினாலும் நிற்காது. பெரிய கட்டை அவிழ்த்துப் பாருங்கள்: வெளியே வருவது பத்துச் சின்னக் கட்டு. அதில் ஒன்றை அவிழ்த்தால்தான் உதிரி கிடைக்கும், மீதி ஒன்பது கட்டு பத்துகளின் இடத்திலேயே இருக்கும். அந்த 9 எங்கிருந்து வந்தது என்பது கண்ணால் தெரிந்துவிடுகிறது. விடை 155.

புரிந்ததா என்று பார்க்கப் பக்கம் பக்கமாகக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. "52 − 37 = 25 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எப்படி எழுதியிருப்பார்? தவறு என்று அவருக்கு எப்படிக் காட்டுவாய்?" என்று கேளுங்கள். 37-உடன் 25-ஐக் கூட்டினால் 62 வருகிறது என்றோ, கட்டை அவிழ்க்க மறந்துவிட்டார் என்றோ சொன்னால் போதுமானது.

பின்னம்: வட்டத்தை விட்டு வெளியே வாருங்கள்

1/2 + 1/3 = 2/5. இதுவும் மேலே பார்த்த 25-இன் உடன்பிறப்புதான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. அரையோடு இன்னொன்றைக் கூட்டி அரையைவிடக் குறைவான விடை வந்திருக்கிறதே என்ற உறுத்தல் பிள்ளைக்கு இல்லை.

24 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் காகிதப் பட்டைகளை நறுக்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆறு. 24 ஏன் என்றால் அதை 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் முழுதாக வகுக்கலாம். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டுச் சம பாகங்களாக அளந்து மடிக்க வேண்டும். அரைப் பட்டையும் மூன்றில் ஒரு பட்டையும் ஒட்டி வைத்தால் 12-உம் 8-உம் சேர்ந்து 20 செ.மீ. இதன் பக்கத்தில் ஆறாக மடித்த பட்டையை வைத்தால் ஐந்து மடிப்பு சரியாகப் பொருந்துகிறது. 5/6. பொதுப் பகுதி ஏன் 6 என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம், இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கும் மடிப்பு அதுதான்.

வட்டமான தோசை, ரொட்டிப் படங்களைப் பின்னத்துக்கு முதல் பொருளாக வைக்க வேண்டாம். வட்டத்தை மூன்றாகவோ ஐந்தாகவோ சமமாக வெட்டுவது பெரியவர்களுக்கே கடினம். அதைவிடப் பெரிய சிக்கல், வட்டத்தில் பழகிய பிள்ளைக்கு 5/4 என்பது அர்த்தமற்றதாகத் தோன்றும்: நான்கு துண்டில் ஐந்தை எப்படி எடுப்பது? பட்டையை எண்கோட்டின் மேல் வைத்தால் 1-ஐத் தாண்டி இன்னொரு மடிப்பு நகர்வது இயல்பாக இருக்கும்.

பொருளே தவறான இடங்கள்

எல்லாவற்றுக்கும் பொருள் தேடுவதும் கெடுதலே. ஆறாம், ஏழாம் வகுப்பில் 3a + 2b என்பதை மூன்று ஆப்பிள், இரண்டு வாழைப்பழம் என்று விளக்கும் வழக்கம் இருக்கிறது. அன்றைக்குச் சுலபமாகப் போகும். ஆனால் எழுத்து ஒரு பொருளின் சுருக்கப்பெயர் என்று பிள்ளை பதித்துக்கொள்ளும், பிறகு a × b வந்தால் ஆப்பிளை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது? எழுத்து நிற்பது ஓர் எண்ணுக்காக. பழம்தான் வேண்டுமென்றால் a என்பது ஓர் ஆப்பிளின் விலை என்று சொல்லுங்கள். இன்னும் நல்ல வழி தீப்பெட்டி. மூடிய மூன்று பெட்டிகளில் ஒரே எண்ணிக்கையில் குச்சி, வெளியே 4 உதிரி, மொத்தம் 19. பெட்டிக்குள் எத்தனை? பெட்டி, பிறகு கட்டம், பிறகு x. 3x + 4 = 19.

குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் எண்கோடும் மின்தூக்கியின் தளங்களும் போதும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கும்போது கடன், வெப்பநிலை என்று கதை கட்டினால் கதைதான் கணக்கைவிடக் கடினமாக இருக்கும். அங்கே வரிசையைக் காட்டுங்கள்: 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. விடை ஒவ்வொரு முறையும் இரண்டு கூடுகிறது. அடுத்து (−1) × (−2) என்னவாக இருக்க வேண்டும்? 2 என்று வகுப்பே சொல்லும். எண்ணில் நன்றாக ஊறிய பிள்ளைக்கு எண்ணே கையில் பிடித்த பொருள் மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே குச்சிக்குத் திரும்புவது பின்னடைவு.

கணக்குக்கு வெளியே

சமூக அறிவியலில் வரைபடத்திலும் இதே சிக்கல்தான். மாவட்ட வரைபடத்தை விரிக்கும் முன் ஒரு தீப்பெட்டியைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். பெட்டியை எடுத்தால் மிஞ்சுவது மேலிருந்து பார்த்த வடிவம். பிறகு வகுப்பறையை நடந்து அளந்து, ஒரு காலடிக்கு 1 செ.மீ. என்று தாளில் போடலாம். அளவுத்திட்டம் என்பது அப்போது வெறும் சொல்லாக இருக்காது.

இலக்கணத்தில் வேற்றுமை உருபுகளை ஐ, ஆல், கு என்று ஒப்புவிக்க வைப்பதற்கு முன், பூனை, எலி, பிடித்தது என்று மூன்று அட்டைகளை மேசையில் வையுங்கள். "பூனை எலி பிடித்தது." யார் யாரைப் பிடித்தது? வழக்கமாகப் பூனைதான் என்பார்கள், ஆனால் அட்டையில் அப்படி எழுதியிருக்கவில்லை. "ஐ" என்ற சின்ன அட்டையைக் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கச் சொல்லுங்கள். எலியைப் பிடித்தது பூனை, பூனையைப் பிடித்தது எலி. ஓர் எழுத்து கதையையே புரட்டுகிறது. இரண்டாம் வேற்றுமை என்ற பெயரை இதற்குப் பிறகு சொன்னால் போதும்.

பின்தங்கிய பிள்ளைக்கு

தமிழ்நாட்டில் 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருகிறது. அப்படியும், ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் 52 − 37-இல் நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை எல்லார் முன்னாலும் குச்சி எடுக்க வைக்காதீர்கள், சின்னப் பிள்ளை வேலை என்று கூசுவார்கள். மதிய இடைவேளையிலோ மாலையிலோ பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, 16-இல் உள்ள 1-ஐ வட்டமிடும் சோதனையிலிருந்து தொடங்குங்கள். அதில் ஒரு குச்சியை நீட்டினால் கட்டும் வேலையிலிருந்தும், பத்துக் குச்சியை நீட்டினால் நேராகக் கட்டை அவிழ்க்கும் படியிலிருந்தும் தொடங்கலாம். பெரிய பிள்ளைகள் குச்சியிலிருந்து படத்துக்கு விரைவில் வந்துவிடுவார்கள். மூடிய பெட்டிப் படியை மட்டும் அவர்களுக்கும் தாண்டவிடாதீர்கள்.